ஒரு பிள்ளைக்காக வைத்த ஒலிபெருக்கியை வகுப்பு முழுவதும் கேட்கிறது: சரியா, பிழையா?

வெண்கட்டி எழுதியது:

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கினால் எங்கள் பாடசாலை. தரம் 6க்குத் தமிழும் வரலாறும் படிப்பிக்கிறேன். வகுப்பில் 31 பிள்ளைகள். அவர்களில் ஒருவனுக்குப் பார்வை மிகக் குறைவு. புத்தகத்தை மூக்கில் முட்டப் பிடித்தாலும் எழுத்துகள் எறும்பாய் ஊர்கின்றன என்கிறான். பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் சுன்னாகம் வாழ்வகத்தில் சேர்க்கலாம் என்று உறவினர்கள் சொல்லியிருக்கிறார்கள். தாய்க்கு மனம் வரவில்லை. "பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சைக்கிளில் ஏறிப் போய் வருகிறான், அது போதும்" என்றார்.

முதலாம் தவணையில் ஒரு வரலாற்றுப் பாடத்தைத் தட்டச்சிட்டு, கைத்தொலைபேசியில் உள்ள தமிழ்க் குரலை வாசிக்க வைத்து, உள்ளங்கை அளவு ஒலிபெருக்கி ஒன்றில் இணைத்து அவனுடைய மேசையில் வைத்தேன். அவனுக்கு மட்டும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் கடைசி வரிசை வாங்குகள் இரண்டும் முன்னே நகர்ந்திருந்தன. வாசிக்கச் சொன்னால் எழுந்து நிலத்தைப் பார்த்து நிற்கும் ஒரு பெண் பிள்ளை, குரலோடு சேர்த்துப் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். விரல் ஒரு சொல் பிந்திப் போனது. ஆனால் போனது.

இந்த வகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இவர்கள் 2020 தையில் முதலாம் தரத்துக்கு வந்தவர்கள். பங்குனியில் கொரோனாவால் பாடசாலை பூட்டப்பட்டது. பின்னர் 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் நாட்கள் வீணாகின. எழுத்துக் கூட்டிப் பழக வேண்டிய வயதில் வீட்டில் இருந்த பிள்ளைகள். கண்ணும் காதும் நன்றாக இருந்தும் ஒரு பந்தியைத் தானாக வாசிக்க முடியாதவர்கள் இந்த வகுப்பில் ஒன்பது பேர்.

ஆகவே இப்போது ஒலிபெருக்கி நடுமேசைக்கு வந்துவிட்டது. சக ஆசிரியை ஒருவர், "குருட்டுப் பிள்ளைக்குக் கொண்டுவந்ததைக் கண்ணுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சோம்பேறியாக்குகிறீர்கள்" என்றார். அவர் பயன்படுத்திய சொல் எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வி பிடித்திருந்தது. இங்கே அனுபவம் உள்ளவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கூடவே ஒரு சில்லறைத் தொல்லை. ஆங்கில "டீச்சர்" என்பதை நாம் "ரீச்சர்" என்று எழுத, அந்தக் குரல் அதை எழுத்துப்படியே ரகரம் போட்டு வாசிக்கிறது. "ரயர்" என்பதும் அப்படியே. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.


பழைய மணி எழுதியது:

பிள்ளை வெண்கட்டி, நான் 34 வருடம் படிப்பித்து, அதிபராக ஓய்வுபெற்றவன். 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, இருந்த இடத்தில் மரத்தடியில் படிப்பித்தோம். பிறகு செட்டிகுளம் முகாமில் தரப்பாள் கொட்டிலில். கொப்பி இல்லாத நாளில் மண்ணில் எழுதினார்கள். ஆசிரியர் ஒரு வரி உரத்து வாசிப்பார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். அப்படிப் படித்தவர்கள் இன்று வைத்தியராகவும் இருக்கிறார்கள். ஆசிரியரின் வாய்க்கு மேலே என்ன குரல் வேண்டியிருக்கிறது?

இன்னொன்றும் உண்மையாகச் சொல்கிறேன். 2010க்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் எத்தனையோ கருவிகளைத் தந்தன. அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிய அதிபர்களில் நானும் ஒருவன். ஆண்டிறுதிப் பொருட்கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான் அல்லவா? நீங்கள் இடமாற்றம் பெற்றுப் போனால் உங்கள் ஒலிபெருக்கி எங்கே போகும்?

பரீட்சை மண்டபத்தில் கைத்தொலைபேசி வாசிக்காது. அதை மறக்க வேண்டாம்.


கணக்கு வாத்தியார் எழுதியது:

தமிழுக்குப் பரவாயில்லை. மூன்றில் இரண்டு என்பதை இலக்கத்தில் சாய்கோடு போட்டுக் கொடுத்தேன். குரல் அதைத் திகதியாக்கி மாசி மாதத்துக்குக் கொண்டுபோய் விட்டது. இப்போது பின்னங்களை எழுத்தில்தான் எழுதிக் கொடுக்கிறேன்.


நாவும் செவியும் எழுதியது:

வவுனியாவில் பேச்சு மொழி சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். தமிழில் வேலை செய்பவர்கள் மிகக் குறைவு. எங்களைப் பயிற்றுவிக்கும் துறையும் தொலைவில், றாகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இருக்கிறது. எனவே ஒரு பிள்ளை என்னிடம் வர மாதக்கணக்காகும். அதற்குள் வகுப்பறையிலேயே ஏதாவது நடந்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

சோம்பேறித்தனம் பற்றி. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனைக் கேட்டு விளங்கும் திறனால் பெருக்கினால் வருவது வாசித்து விளங்குதல். கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். வெண்கட்டி சொல்லும் ஒன்பது பேருக்கும் இரண்டாவது நன்றாகவே இருக்கிறது. ஆச்சி சொல்லும் கதையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வார்கள். முதலாவதில்தான் முடங்கிக் கிடக்கிறார்கள். எழுத்து வரும் வரைக்கும் வரலாறும் விஞ்ஞானமும் காத்திருக்கட்டும் என்றால், எழுத்து வந்து சேரும்போது விளங்குவதற்கு உள்ளே ஒன்றும் சேர்ந்திராது.

ஆனால் குரல் தானாக எழுத்தைக் கற்றுத் தராது. வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் விரல் ஓட்டிக் கேட்கும் பிள்ளைக்கும் நிறைய வித்தியாசம். இந்தியாவில் அகமதாபாத்தில் பேராசிரியர் பிரிஜ் கோத்தாரி இதைத் தொலைக்காட்சியில் செய்தார். திரைப்பாடல் ஓடும்போது அதே மொழியில், அதே சொற்களை அடியில் எழுத்தாக ஓட விடுவது. 1996இல் யோசித்து 1999இல் குசராத் தொலைக்காட்சியில் தொடங்கினார்கள். தெரிந்த பாட்டைக் காது கேட்கக் கண் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறது. உங்கள் மேசையில் நடப்பதும் அதுதான்.

தமிழில் இதற்கு இன்னொரு தேவையும் உண்டு. "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, வாய் ககரத்தில்தான் தொடங்குகிறது. "கொ" என்றால் குறி இரு பக்கமும். தடுமாறும் பிள்ளைக்கு இது சிறிய விடயம் அல்ல. மேலும், எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும் மொழிகளில் வாசிப்புக் குறைபாடு பிழையாகத் தெரிவதைவிட மந்தமாகவே தெரியும். "வாசிப்பான், ஆனால் ஆறுதலாக வாசிப்பான்" என்று ஆசிரியர்கள் சொல்லி விட்டுவிடும் பிள்ளைகள் இவர்கள்தான். வரியின் கடைசிக்கு வரும்போது தொடக்கம் மறந்து போயிருக்கும்.

நான் செய்வது இது: குரலின் வேகத்தை அந்தப் பிள்ளையின் வேகத்தைவிடக் கொஞ்சமே கூட்டி வைப்பேன். ஒரு பந்தியைக் குரலோடு இரண்டு முறை, பிறகு குரலை நிறுத்திவிட்டுப் பிள்ளை தனியே ஒரு முறை. அந்த மூன்றாவது முறையை விட்டால் உங்கள் சக ஆசிரியை சொன்னதுதான் நடக்கும்.

மணி ஐயா, பரீட்சையில் வாசிப்பவர், எழுதுபவர், மேலதிக நேரம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் அது இயலாமை உள்ள பிள்ளைக்கு. அந்த ஒன்பது பேருக்கு அது இல்லை என்பதில் நீங்கள் சொல்வது சரி.


பாலைப்பழம் எழுதியது:

நான் ஆசிரியை இல்லை. மல்லாவிப் பக்கம் ஒரு தாய். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் மகனுக்குப் பெருமூளை வாதம். எல்லாம் விளங்கும், நாக்குத்தான் சொல் கேட்காது. நாலாம் தரத்தில் மற்றப் பிள்ளைகளோடு இருக்கிறான். முதலில் கொப்பி மட்டையில் பன்னிரண்டு படங்களை ஒட்டிக் கழுத்தில் தொங்கவிட்டேன். தண்ணீர், மலசலகூடம், நோகிறது, அம்மா, இப்படி. பிறகு வெளிநாட்டில் இருக்கும் தம்பி ஒரு தட்டைக் கணினி அனுப்பினான். படத்தைத் தொட்டால் பேசும். ஆனால் அதில் இருந்தது வளர்ந்த பெண்ணின் குரல். இவன் இரண்டு நாள் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிட்டான். ஏன் என்று விளங்கவில்லை. என் அக்காவின் மகன்தான், பத்து வயது, "சின்னம்மா, அவன் பொம்பிளை மாதிரிக் கதைக்க வெட்கப்படுகிறான்" என்றான். அந்த அக்கா மகனுடைய குரலிலேயே எல்லாச் சொல்லையும் பதிந்து போட்டோம். அன்றிலிருந்து என் மகன் அதைக் கையை விட்டு வைப்பதில்லை.

அவன் அதிகம் தொடுவது தண்ணீர் அல்ல. "ஆசிரியை, எனக்கு விடை தெரியும்" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். அதுதான். சில நாளில் விடை தெரியாமலும் தொடுவான். மணி அடித்த பிறகும் பாடம் நீண்டால் "போதும்" என்ற பொத்தானைத் தொடுவான். வகுப்பே அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும், எப்போது தொடுவான் என்று.

இந்த இழையில் எழுத வந்த காரணம் வேறு. அவனுடைய வகுப்பில் திக்கிப் பேசும் ஒரு பிள்ளை இருக்கிறான். மாணவர் மன்றத்தில் பேசச் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும். போன மாதம் அவன் என் மகனிடம் தட்டைக் கணினியைக் கேட்டு வாங்கி, தன் பேச்சின் முதல் வரியை மட்டும் அதில் பதிந்து ஓட விட்டிருக்கிறான். "அவையோர்க்கு வணக்கம்" என்று அது சொன்னது. மிச்சத்தை அவனே சொல்லி முடித்தானாம், திக்கித் திக்கி.

பேசும் கருவியைக் கொடுத்தால் இவன் இனிப் பேசவே மாட்டான் என்று ஊரில் சொன்னார்கள். அதற்குப் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நாவும் செவியும் எழுதியது:

பாலைப்பழம் அக்கா, அந்தப் பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது. இதைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், கருவி பேச்சைத் தடுத்ததாகக் காணவில்லை. பல பிள்ளைகளில் பேச்சு சற்றுக் கூடியே இருக்கிறது. வாயால் வராது என்ற பதற்றம் குறைந்தால் வாயும் முயற்சி செய்கிறது. மட்டையை எறிந்துவிடாதீர்கள். மின்கலம் இறங்கும் நாளில் அதுதான் அவனுடைய வாய்.

படம் தொட்டுப் பேசும் செயலிகளில் தமிழுக்கு இடம் கொடுத்த ஒன்று, சென்னையில் உருவான ஆவாஸ். இயலாமை உள்ள பிள்ளைகள் படிக்கும் வித்யா சாகர் பாடசாலைப் பிள்ளைகளோடு இருந்து செய்தார்கள். குரல் பற்றி உங்கள் அக்காவின் மகன் சொன்னதை நான் என் வகுப்புகளில் இனிச் சொல்லப் போகிறேன்.


குளக்கட்டு எழுதியது:

கிளிநொச்சியில் கணினி திருத்துபவன். கருவியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், கருவிக்குக் கொடுக்கும் எழுத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. என் கடைக்கு வரும் ஆசிரியர்களில் பாதிப் பேர், "சேர், குரல் பழுது, ஆங்கில எழுத்தாக உளறுகிறது" என்கிறார்கள். குரல் பழுது இல்லை. வினாத்தாளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டிருக்கிறார்கள்.

பாமினியில் திரையில் "அம்மா" என்று தெரியும். உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுகிறது. குரலுக்குச் சட்டை தெரியாது, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் இருப்பது மட்டுமே அதற்குத் தமிழ். பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் நிறைய உண்டு. மாற்றிய பிறகு ஒகர, ஓகாரங்களை ஒருமுறை பாருங்கள், அங்கேதான் உடையும்.

புத்தகப் பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக்குவது இப்போது கைத்தொலைபேசியிலேயே முடியும். ஆனால் துணைக்காலையும் ரகரத்தையும் அது மாறி மாறி எடுக்கும். மெய்ப்புப் பார்க்காமல் ஓட விட்டால் பிள்ளைக்குப் பிழையைத்தான் படிப்பிப்பீர்கள்.

வெண்கட்டி அக்காவுக்கு: உங்கள் கைத்தொலைபேசியை வகுப்பில் கட்டி வைக்க வேண்டாம். குரல் வாசிப்பதை ஒலிக்கோப்பாகச் சேமித்து நினைவக அட்டையில் போடுங்கள். அட்டை செருகும் சிறிய ஒலிபெருக்கி சந்தையிலேயே கிடைக்கிறது. சமிக்ஞை தேவையில்லை, மின்சாரம் போனாலும் சில மணிநேரம் ஓடும். நீங்கள் இடமாற்றம் பெற்றாலும் அட்டை பாடசாலையில் இருக்கும். மணி ஐயாவின் அலுமாரிக்குள் போனாலும் இன்னொரு அட்டை ஒரு புத்தக விலைக்கு வராது.

கணினி அறை இருந்தால் என்விடிஏ நிறுவுங்கள். திரையில் உள்ளதை வாசிக்கும் இலவச மென்பொருள். அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்ற பார்வையற்ற இருவர் தொடங்கியது, 2006இலிருந்து வளர்கிறது. அதோடு வரும் தமிழ்க் குரல் தகரப் பேணிக்குள் இருந்து கதைப்பது போல இருக்கும், ஆனால் இணையம் கேட்காது. உங்கள் பையன் பெரியவனாகும்போது அவனுக்குக் கைகொடுக்கப் போவது நடுமேசை ஒலிபெருக்கி அல்ல, இதுதான். இப்போதே விசைப்பலகையைப் பழக்குங்கள்.

"ரீச்சர்" சிக்கலுக்கு: குரலுக்குக் கொடுக்கும் பிரதியில் "ஆசிரியை" என்று எழுதிவிடுங்கள். "ரயர்" என்பதற்கு "டயர்". கண்ணுக்கு ஒரு பிரதி, காதுக்கு ஒரு பிரதி. "காற்று", "நேற்று" என்று றகரம் இரட்டித்து வரும் இடங்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. அது இந்தியக் குரல், நம் வாயில் வருவதுபோல் அதற்கு வராது.


தகரக்கூரை எழுதியது:

நெடுங்கேணிப் பக்கம். குரல், எழுத்து எல்லாம் சரி. ஐப்பசி மழை தகரத்தில் விழும்போது எங்கள் வகுப்பில் இயந்திரமும் கேட்காது, ஆசிரியரும் கேட்காது. அந்த நேரத்தில் படம் வரையச் சொல்வேன். வேறு வழியில்லை.

மழை இல்லாத நாளும் மேல் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஆளில்லாத வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபெலுக்கு மேற்படக் கூடாது என்று ஒரு நியமம் வைத்திருக்கிறார்கள். எங்கள் அரைச்சுவருக்கு அப்பால் பக்கத்து வகுப்பு ஏழாம் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினால் முடிந்தது கதை. வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும்; அறைக்குள் அவ்வளவு இல்லாவிட்டாலும் கடைசி வாங்குக்குப் போவது உயிரெழுத்தின் ஓசை மட்டும். சகரமும் தகரமும் வழியிலேயே விழுந்துவிடும்.

என் வகுப்பில் இருவருக்குக் காதில் சீழ் வடியும். வடியும் வாரத்தில் செவி மந்தம், மற்ற வாரத்தில் நன்றாகக் கேட்கும். "நேற்றுக் கேட்டதே, இன்று மட்டும் என்ன?" என்று நானே ஏசியிருக்கிறேன். இப்போது இடுப்பில் கட்டும் சிறு ஒலிபெருக்கியும் கன்னத்தருகே ஒலிவாங்கியும் வைத்திருக்கிறேன். அந்த இருவருக்காக வாங்கியதில் முதலில் பிழைத்தது என் தொண்டை. ஒலிவாங்கியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து விடை சொல்ல வைத்தேன்; ஆண்டு முழுக்க முணுமுணுத்தவர்கள் பேசினார்கள். சத்தமாகப் பேச வெட்கப்படும் பிள்ளைக்குத் தன் வாய்ச் சத்தத்தைக் கூட்டாமலே குரல் பெரிதாவது பிடித்திருக்கிறது.

ஒரு பக்கக் கதை. எங்கள் பெற்றோர் கூட்டத்துக்கு வரும் ஒரு தகப்பனுக்கு 2009இல் செல் விழுந்ததில் செவி போய்விட்டது. ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி வரிசையில் இருந்துவிட்டு, கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். போன தவணை, பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் செயலியைத் திறந்து என் கைத்தொலைபேசியை அவர் மடியில் வைத்தேன். நான் "தவணைப் பரீட்சை" என்றேன். அது "தவளைப் பரீட்சை" என்று எழுதியது. மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் முடிந்ததும் எழுந்து நின்று, மகளுக்கு ஏன் கணக்கில் 38 என்று கேட்டார். ஆறு வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.


கணக்கு வாத்தியார் எழுதியது:

தவளைப் பரீட்சைக்கு 38 நல்ல புள்ளிதான்.


வெண்கட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குளக்கட்டுத் தம்பி சொன்னபடி அட்டைக்கு மாறிவிட்டேன். மூன்றாவது வாசிப்பும் நடக்கிறது. அதில்தான் அழுகையும் நடக்கிறது, மறைக்க மாட்டேன்.

இதற்கிடையே எதிர்ப் பக்கத்தையும் முயன்று பார்த்தேன்: பிள்ளை பேச, கைத்தொலைபேசி எழுதுவது. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் 2017இலேயே வந்துவிட்டது, இலங்கைத் தமிழ் என்று தனியாகவும் தெரிவு செய்யலாம். சமிக்ஞை கிடைக்கும் ஒரே இடமான ஆசிரியர் ஓய்வறை யன்னலோரத்தில் நாலு பேரை வைத்து, "எங்கள் ஊர்க் குளம்" என்று ஒரு கட்டுரை சொல்லச் சொன்னேன். எழுதச் சொன்னால் இரண்டு வரியில் பேனையை மூடிவிடும் ஒருவன், மூச்சு விடாமல் ஒரு பக்கத்துக்குச் சொன்னான். மதகு, துருசு, அலைகரை, போன மாரியில் அணைக்கட்டில் நின்று அப்பாவோடு பார்த்தது எல்லாம். குளம் நிரம்பி வழிந்ததைக் "குளம் வான் பாய்ந்தது" என்றான். கைத்தொலைபேசி "குளம் வேன் பாய்ந்தது" என்று எழுதியது. குளத்துக்குள் வாகனம் பாய்ந்த கதையாகிவிட்டது.

அந்தப் பிழைப் பிரதியை அப்படியே வெண்பலகையில் எழுதினேன். வகுப்பே திருத்தியது. "போறன்" என்று சொன்னதை அது எப்படியோ எழுத, "போகிறேன்" என்று ஒருவள் வந்து மாற்றினாள். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று இலக்கண நூலைத் திறக்காமல் நாற்பது நிமிடம் கதைத்தோம். இந்த ஆண்டில் நான் எடுத்த நல்ல பாடம் அதுவாகத்தான் இருக்கும். இயந்திரம் பிழையில்லாமல் எழுதியிருந்தால் அந்தப் பாடமே இல்லை.

இனிக் கசப்பு. அந்த நாலு பேரில் ஒருத்தி, சொன்னால் போதும் என்று பழகிவிட்டாள். தவணைப் பரீட்சையில் கட்டுரைக்கு மூன்று வரி. முன்பு ஆறு எழுதியவள். மணி ஐயா, நீங்கள் சொன்னது இந்த இடத்தில் பலித்துவிட்டது. இப்போது சொல்லிப் பெற்ற பிரதியைத் திருத்திய பின் தன் கையால் கொப்பியில் எழுதினால்தான் புள்ளி என்று வைத்திருக்கிறேன். அவள் என்னோடு கோபம்.


ஏ9 பயணி எழுதியது:

ஒருவரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். பிள்ளை பேசுவது எங்கே போகிறது? பெரும்பாலான இத்தகைய சேவைகளில் பிள்ளையின் குரல் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்பி வருகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இலங்கையில் இருக்கிறது. பெற்றோரிடம் கேட்டீர்களா? தகப்பன் எங்கே, யார் காணாமல் போனவர் என்பதெல்லாம் நம் பிள்ளைகளின் கட்டுரையில் சாதாரணமாக வரும்.


வெண்கட்டி எழுதியது:

கேட்கவில்லை. பிழைதான். இந்த வாரம் நாலு வீட்டுக்கும் போய்க் கேட்டேன். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இருவருக்கும் இப்போது பக்கத்துப் பிள்ளை எழுதிக் கொடுக்கிறாள். பயணி சொன்ன கடைசி வரி எனக்கு இரவு நித்திரையைக் கெடுத்தது.


பழைய மணி எழுதியது:

நான் இன்னும் ஒப்பவில்லை. ஆனால் "காற்று" என்ற சொல்லை இந்தப் பிள்ளைகள் வேற்றூர்க் குரலில் கேட்டுப் பழகுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. குளக்கட்டுத் தம்பி அதற்கு மருந்து இல்லை என்றார். மருந்து இருக்கிறது. மனிதர் வாசித்துப் பதிவதுதானே? பாடத்தை அனுப்புங்கள். வாசித்துப் பதிகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருப்பி அனுப்புவேன்.


குளக்கட்டு எழுதியது:

ஐயா, தலையணை இரண்டைச் சுற்றி வைத்து, கைத்தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து வாசியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒவ்வொரு பந்திக்கும் தனிக்கோப்பு. முழுப் பாடத்தையும் ஒரே மூச்சில் பதிந்தால் பிள்ளைக்குத் தேவையான இடத்துக்குப் போக முடியாது.


பாலைப்பழம் எழுதியது:

உயர்தரம் படிக்கும் என் மூத்த மகளும் வாசித்துத் தருவாள். தம்பிக்குப் பதிந்து பழகியவள்.


பழைய மணி எழுதியது:

இரண்டாம் பாடம் அனுப்பியிருக்கிறேன். தட்டச்சில் பதினொரு பிழை, குறித்திருக்கிறேன். ஒரே கோப்பாக வந்துவிட்டது, பிரிக்கத் தெரியவில்லை. விடியற்காலை அமைதி என்று ஐந்தரை மணிக்கு இருந்தேன். வேலியில் மயில் வந்து கத்திவிட்டது. திரும்பப் பதிய வேண்டும்.


வெண்கட்டி எழுதியது:

திரும்பப் பதிய வேண்டாம் ஐயா. இன்று ஓட விட்டேன். மூன்றாம் பந்தி முடிவில் மயில் அகவுகிறது. இரண்டாம் முறை ஓடும்போது 31 பேரும் அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். விரல் ஓட்டும் பிள்ளை, மயில் வரும் இடத்தில் புத்தகத்தில் ஒரு சிறிய மயில் வரைந்து வைத்திருக்கிறாள். பார்வை குறைந்த பையனிடம் விடை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "மயிலுக்குப் பிறகு இரண்டாவது வரி" என்றான்.

மூன்றாம் பாடத்தைத் தட்டச்சிட்டு அனுப்பியிருக்கிறேன். ஐந்தரை மணிக்கே பதியுங்கள்.